அத்தையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அத்தை மகன் 2023-ல் நடந்த ஒரு கொலை வழக்கில் முதல் எதிரி, அதாவது முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவன். சின்ன வயதிலிருந்தே அடங்காதவன். பள்ளிக்கூடத்திலும் நிற்கவில்லை, தறிப்பட்டறையில் சேர்த்துவிட்டும் நிற்கவில்லை. திருட்டுத்தனமாக மது விற்கிற சந்துக்கடைப் பக்கம் சேர்க்கை, ஏற்கெனவே ஓர் அடிதடி வழக்கு. ஜாமீனில் வந்தவன் இரண்டு வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்டில் மறுபடி கோவை மத்தியச் சிறைக்குள் போய்விட்டான். மாமா காலமாகிவிட்டார். அறுபதைத் தாண்டிய அத்தை எருமை இரண்டையும் விற்றாயிற்று, இப்போது கோபி பக்கம் இருக்கிற ஒன்றரை ஏக்கருக்கும் ஆள் பார்க்கிறார். விசாரணை தொடங்கப்போகிறது. "அன்னைக்கு ராத்திரி அவன் ஊட்டுலதான் இருந்தான்னு நானே கோர்ட்டுல வந்து சொல்றேன்" என்கிறார். பெற்ற தாயின் சாட்சி செல்லுமா, செல்லாதா என்று கேட்கிறீர்கள்.

ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், செல்லாது என்று யாராவது ஒரு வக்கீல் சொல்லிவிட்டால் தேவலை, அதைக் காட்டி அத்தையைத் தடுத்துவிடலாம் என்று நினைப்பது தெரிகிறது. அப்படிச் சொல்ல முடியாது. செல்லும். சிக்கலே அதில்தான் இருக்கிறது.

பதிலுக்குப் போகும் முன் ஓர் அவசர வேலை. அன்று விடிகாலையில் நடந்ததாக அத்தை உங்களிடம் சொன்னதை ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதே நீக்கிவிடுங்கள். நான் மேலே சுருக்கிச் சொன்னதெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. அந்த வரி அப்படிப்பட்டதில்லை. அதை நான் இங்கே திரும்ப எழுதப்போவதும் இல்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இது பற்றிப் பேச்சு வேண்டாம்.

நான் கோபியிலும் ஈரோட்டிலும் 26 ஆண்டுகளாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறவன், பெரும்பாலும் எதிரி தரப்பில். உங்கள் வழக்குக் கட்டை நான் பார்க்கவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கையையும், நேரில் பார்த்தவர்களின் வாக்குமூலத்தையும், கைப்பற்றல் மகஜரையும் படிக்காமல் "பையன் வெளியே வந்துடுவான்" என்று சொல்கிற வக்கீலை நம்பாதீர்கள், அது நானாக இருந்தாலும். அதனால் சட்டத்தில் உறுதியாக இருப்பதை ஒரு பக்கமும், நான் பார்த்துத் தெரிந்துகொண்டதை இன்னொரு பக்கமும் வைத்தே பேசுகிறேன்.

உறுதியானது முதலில். சொந்தக்காரர் என்பதற்காக ஒருவரின் சாட்சியம் தள்ளுபடி ஆகாது. 1953-ல் தலிப் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே பேசப்பட்டது இறந்தவரின் சொந்தங்களைப் பற்றி: பறிகொடுத்தவர்கள் உண்மையான குற்றவாளியை விட்டுவிட்டு வேறொருவனைக் காட்டிக்கொடுக்கச் சாதாரணமாக மனம் வராது என்பது அந்தத் தர்க்கம். எதிரியின் தாய்க்கு அந்தத் தர்க்கம் அப்படியே பொருந்தாது என்பதை நீங்களே பார்க்கலாம். எதிரித் தரப்புச் சாட்சிகளையும் அரசுத் தரப்புச் சாட்சிகளைப் போலவே சமமாக எடைபோட வேண்டும் என்று 1981-ல் தூத்நாத் பாண்டே வழக்கில் சொன்னார்கள். ஆக அத்தை கூண்டில் ஏறலாம், நீதிபதி கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்ட பிறகு எவ்வளவு நம்புவார் என்பது வேறு கதை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, எதிரி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. குற்றத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் சுமை முழுவதும் அரசுத் தரப்பின் தலையில். ஆனால் "சம்பவ நேரத்தில் நான் அங்கே இல்லை, வேறிடத்தில் இருந்தேன்" என்று சொன்ன நொடியில் அந்த ஒரு விஷயத்தை நிரூபிக்கும் சுமை எதிரியின் பக்கம் வந்துவிடுகிறது. பழைய சாட்சியச் சட்டம் 103-ம் பிரிவில் இதையே உதாரணமாகக் கொடுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் நிலைமை அதுதான். சும்மா இருந்தால் இல்லாத சுமையை, வாயைத் திறந்து நாமே தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிறோம். அந்தச் சாட்சி பொய் என்று தெரிந்துவிட்டால் இன்னும் மோசம். 1984-ல் சரத் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு இது: அரசுத் தரப்புச் சங்கிலியில் விடுபட்ட கண்ணியை எதிரியின் பொய் நிரப்பாது, ஆனால் சங்கிலி மற்றபடி முழுதாக இருந்தால் அந்தப் பொய்யும் கூடுதல் கண்ணியாகச் சேர்ந்துகொள்ளும். மகனைக் காப்பாற்றச் சொன்ன பொய், அரசு வக்கீலின் வாதக் குறிப்பில் ஓர் எண் போட்டு ஏறிவிடும்.

சட்டம் இவ்வளவுதான். இனி நான் பார்த்தது.

சுமார் 15 ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஓர் அம்மாவை நானே கூண்டில் ஏற்றினேன். "எம் பையன் அன்னைக்கு ஊட்ட உட்டு நகரவே இல்லீங்க சாமி" என்று என் அலுவலகத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது பொய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் மெனக்கெடவும் இல்லை. நான் கேள்வி கேட்ட முதல் விசாரணையில் நன்றாகவே சொன்னார். அப்புறம் அரசு வக்கீல் எழுந்தார். வயதானவர், அதட்டிப் பேசுகிற ஆள் கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார். பையன் சம்பாதித்துக் கொடுப்பானா என்று கேட்டார். "எங்கீங்க குடுக்கறான்" என்றார் அம்மா. ராத்திரி நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவானா என்று கேட்டார். அவ்வளவுதான், அந்த அம்மா எங்கே நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டார். "அவன் என்னைக்குங்க நேரத்துல ஊடு வந்து சேர்ந்திருக்கறான்? சோத்தப் போட்டு மூடி வெச்சுப்போட்டு நாம் படுத்துக்குவனுங்க. காலைல பாத்தா வெச்ச சோறு வெச்ச மாதிரியே இருக்கும்" என்று பல வருஷத்து ஆதங்கத்தையும் கொட்டினார். "அன்னைக்கும் மூடித்தான் வெச்சீங்களா?" "ஆமாங்க." "காலைல சோறு எப்படி இருந்துச்சுங்க?"

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், கூண்டுக்கு அந்தப் பக்கம் நின்ற மகனைப் பார்த்தார். சாட்சி பதில் சொல்லவில்லை என்று நீதிபதி பதிவு செய்தார்.

தண்டனை ஆயிற்று. அந்தச் சாட்சி இல்லாமல் இருந்திருந்தால் விடுதலை ஆகியிருப்பான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நேரில் பார்த்தவர்களில் இரண்டு பேர் பிறழ்சாட்சி ஆகியிருந்தார்கள், ஒருவர் மட்டும் நிலையாக நின்றார். ஒற்றைச் சாட்சியை நம்புவதா வேண்டாமா என்று நீதிபதி தயங்கியிருக்கலாம். தீர்ப்பில் அந்தச் சோற்றுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வராந்தாவில் அந்த அம்மா "நாஞ் சொன்னதுலதான் போச்சுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா" என்றேன். வேறென்ன சொல்வது.

நான் கவனித்த வரையில், அடங்காத பிள்ளையைப் பெற்ற தாய்மார் பொய்சாட்சியில் தோற்பது இப்படித்தான். அவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்று அர்த்தமில்லை. அந்தப் பிள்ளையைப் பற்றிய குறைதான் அவர்களுக்குப் பேச்சில் முதலில் வரும். எத்தனையோ வருஷமாகப் பக்கத்து வீட்டிலும் கோயிலிலும் பண்ணாரி பஸ்ஸிலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். இப்போதெல்லாம் சோற்றைப் பற்றிக் கேட்கவேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. செல்போன் எந்த டவரில் இருந்தது என்ற விவரத்தைப் போலீஸ் வாங்கி வைத்திருக்கும். அத்தை ஒன்று சொல்ல, டவர் வேறொன்று சொல்லும்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது, இதைச் சில வக்கீல்களே மறந்துவிடுகிறார்கள். ஒருவன் கெட்டவன் என்பதை வைத்து அவன்தான் இந்தக் குற்றத்தைச் செய்தான் என்று காட்ட முடியாது. அடிதடி வழக்கு, சந்துக்கடைச் சேர்க்கை எல்லாம் சாதாரணமாக இந்த வழக்கின் உள்ளேயே வராது. ஆனால் எதிரித் தரப்பு தானாக முன்வந்து "இவன் நல்லவன்" என்று சாட்சியம் கொடுத்தால் கதவு திறந்துவிடுகிறது. அதற்குப் பதிலாக அவன் கெட்ட நடத்தையைக் காட்ட அரசுத் தரப்புக்கு உரிமை வந்துவிடும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 54-ம் பிரிவு. கூண்டில் ஏறிய எந்தத் தாயாவது "எம் பையன் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நெனைக்க மாட்டானுங்க" என்று சொல்லாமல் இறங்கியிருக்கிறாரா? நான் பார்த்ததில்லை.

அத்தையின் சொந்தப் பாதுகாப்பையும் யோசிக்க வேண்டும். பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் குடும்பத்தைக் குறிப்பிட்டு அல்ல. குற்றம் செய்தவனை ஒளித்து வைப்பது 2023-ல் அமலில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 212-ம் பிரிவு. அதில் கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும் விலக்கு உண்டு. தாய்க்குக் கிடையாது. கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதைக் கோர்ட்டில் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பும் தாய்க்கும் மகனுக்கும் இடையே இல்லை. ரத்தக்கறை பட்ட துணியைத் தெரிந்தே துவைப்பது, எதையாவது கிணற்றில் போடுவது எல்லாம் தடயத்தை மறைத்த குற்றம், 201-ம் பிரிவு. கொலை வழக்கு என்றால் ஏழு ஆண்டு வரை தண்டனை. பொய்சாட்சிக்கும் ஏழு ஆண்டு வரை; அது இனிமேல் கோர்ட்டில் சொல்வது என்பதால் புதிய தண்டனைச் சட்டத்தின் 229-ம் பிரிவு. மற்றவற்றுக்கு, சம்பவம் 2023-ல் நடந்ததால் பழைய எண்களைச் சொல்கிறேன். நடைமுறையில் வயதான தாயின் மீது இந்த வழக்குகளைப் போடுவது அபூர்வம், பொய்சாட்சிக்கு நடவடிக்கை எடுப்பது அதைவிட அபூர்வம். அதை நம்பிக் கூண்டில் ஏறச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். விடிகாலையில் நடந்ததாக அவர் சொன்னதைக் குறுக்கு விசாரணையில் எவராவது கிளறினால் அத்தை என்ன சொல்வார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அதற்காகத்தான் அந்த வரியை நீக்கச் சொன்னேன்.

அப்படியானால் சட்டத்தில் எதிரியின் தாய்க்கு இடமே இல்லையா என்றால், பெரிய இடம் இல்லைதான். செத்தவனின் தாய்க்கு இருக்கிறது. 2009 கடைசியில் அமலுக்கு வந்த திருத்தத்தால் அவர் சட்டப்படி 'பாதிக்கப்பட்டவர்'. விடுதலை ஆனால் எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், அரசு வக்கீலுக்கு உதவத் தன் வக்கீலை வைக்கலாம், இழப்பீடு கேட்கலாம். எதிரியின் தாய் என்று ஒரு ஆள் குற்ற நடைமுறைச் சட்டத்தில் கண்ணுக்கே தெரிய மாட்டார். ஆனாலும் அவர் நுழையச் சில கதவுகள் உண்டு. அத்தை தட்டிக்கொண்டிருப்பது அவற்றில் ஒன்றல்ல, அதுதான் என் கவலை.

முதல் கதவு ஜாமீன். இங்கேதான் அந்த ஒன்றரை ஏக்கர் வருகிறது. நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஜாமீன் உத்தரவில் இரண்டு ஜாமீன்தாரர் கேட்பார்கள், அதில் ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று போடுவதும் சகஜம். சொத்து வைத்திருக்கிற ரத்த சொந்தம் இந்தக் குடும்பத்தில் அத்தை ஒருவர்தான். பூமியை விற்றுவிட்டால் நாளை எதைக் காட்டுவார்? பிடிவாரண்டில் உள்ளே போனவனுக்கு மறுபடி ஜாமீன் கிடைப்பது சிரமம்தான், நீதிபதி கடுமையாகவே இருப்பார், ஆனால் முடியாத காரியமில்லை. கிடைத்தால், இந்த முறை ஒரு வாய்தாகூடத் தவறக் கூடாது. அவன் வராவிட்டால் ஜாமீன் பத்திரத்தில் எழுதிய தொகையை அத்தையிடம்தான் கேட்பார்கள். புதிய சட்டத்தில் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே விட்டுவிடுவார்கள் என்று யாரோ உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை அடையாதவர்களுக்கு அப்படி ஒரு விதி இருப்பது உண்மை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கு அது பொருந்தாது. கொலைக்குப் பொருந்தாது.

பூமியைப் பற்றி இன்னொன்று. மாமா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் பங்குக்கு அத்தையும் மகனும் மகளும் சமமான வாரிசுகள். காங்கயத்தில் கட்டிக்கொடுத்த அத்தை மகளைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெண் கையெழுத்துப் போடாமல் முழு பூமியும் விலைக்குப் போகாது, போகவும் கூடாது. நம் ஊரில் கல்யாணத்தின்போது போட்ட நகையைச் சொல்லியே பெண்களிடம் சொத்தில் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரம் வாங்கிவிடுவார்கள். தம்பி ஜெயிலில் இருக்கிறான், அம்மா அழுகிறாள் என்றால் அந்தப் பெண் மறுபேச்சு இல்லாமல் போட்டுவிடும். தடப்பள்ளி வாய்க்கால் பாய்கிற பூமியை நெருக்கடியில் விற்றால் என்ன விலை கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தப் பணம் எங்கே போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாதி, 'சாட்சிகளைச் சரிக்கட்டித் தருகிறேன்' என்கிற ஆளிடம் போகும். எல்லாக் கோர்ட் வாசலிலும் அப்படி ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். கொலை வழக்கைப் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லை. ராஜியாகக்கூடிய குற்றங்களின் பட்டியலிலேயே அது கிடையாது. சாட்சியைப் போய்ப் பார்த்தது தெரிந்தால் ஜாமீனும் போகும், புது வழக்கும் வரும்.

வக்கீலுக்குக் காசு இல்லை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவு. ஈரோடு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், சிறையிலிருந்தே மனு கொடுக்கலாம், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். "இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ" என்ற பேச்சு எனக்கும் தெரியும். சில இடத்தில் அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் பூமியை விற்று வைக்கிற வக்கீல் எல்லாம் கட்டைப் படித்துவிட்டுத்தான் வருகிறார் என்றும் யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்த கதவு உயர் நீதிமன்றம். முன் வழக்கு இருக்கிற பையன் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன். குண்டர் சட்டம் என்று நாம் சொல்கிற 1982-ம் ஆண்டின் 14-ம் எண் சட்டத்தில் அவனை அடைத்தால், ஓராண்டு வரை விசாரணை இல்லாமலே வைத்திருக்க முடியும். அதை உடைக்க ஆட்கொணர்வு மனு போட வேண்டும். அந்த மனுக்களில் மனுதாரர் பெயரைப் பாருங்கள், பெரும்பாலும் தாய், இல்லாவிட்டால் மனைவி. கலெக்டரோ கமிஷனரோ போட்ட உத்தரவை எதிர்த்து, கையெழுத்துக் கூடச் சரியாகப் போட வராத ஓர் அம்மாவின் பெயரில் வழக்கு நடக்கும். உத்தரவில் சின்னக் குறை இருந்தாலும், மொழிபெயர்ப்புப் பிரதி சரியாகக் கொடுக்காவிட்டாலும், ரத்தாவது உண்டு. பொய்யே சொல்லாமல் ஒரு தாய் தன் மகனுக்காக ஜெயிக்கக்கூடிய இடம் அது.

இந்தப் பேச்சு வந்தால் அற்புதம் அம்மாளை யாராவது நினைவுபடுத்துவார்கள். அவர் மகன் பேரறிவாளன் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் கைதானார், உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2022 மே 18-ல். இடைப்பட்ட 31 ஆண்டும் அந்தத் தாய் அலைந்தார். ஆனால் அது பயங்கரவாதத் தடுப்புக்கென்று வந்த தடா சட்டத்தில் நடந்த வழக்கு, போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாக ஏற்கப்படும் சட்டம் அது. தன் மகன் குற்றமற்றவன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. உங்கள் அத்தையின் நிலைமை அப்படியா என்பது எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தெரிந்தும் ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குச் சட்டத்தில் பதில் இல்லை, நான் மனநல மருத்துவரும் இல்லை. வாய்தா நாளில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களைப் பார்த்து வந்தவன் என்ற அளவில் சொல்கிறேன். மகன் செய்தானா இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியாகவே இருப்பதில்லை. கோவை ஜெயில் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால், நேர் வண்டி ஏறாமல் நாலு டவுன் பஸ் மாறிப் போகிற அம்மாக்கள் எனக்குத் தெரியும். காலையில் கிளம்பினால் மனு போட்டுப் பார்த்துவிட்டு இருட்டித்தான் வீடு. "வ.உ.சி. இருந்த ஜெயிலுதானுங்களே" என்று ஓர் அம்மா என்னிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். உள்ளே போய்ப் பேசுவதெல்லாம் கால் வீக்கம் எப்படி இருக்கிறது, கேன்டீன் கணக்கில் பணம் ஏறியதா, பாரியூர் அம்மனுக்குக் குண்டம் இறங்குவதாக நேர்ந்திருக்கிறேன், இவ்வளவுதான். நாங்களும் கட்சிக்காரனிடம் "செஞ்சியா?" என்று கேட்பதில்லை, எங்களுடையது தொழில் சாமர்த்தியம். அவர்களுடையது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதே மரத்தடியில் நாலடி தள்ளிச் செத்தவனின் அம்மாவும் உட்கார்ந்திருப்பார். பல நாள் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். உங்கள் அத்தை அவரிடம் போய்க் காலில் விழ நினைக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மனிதத்தன்மையில் அது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். வழக்கு முடியும் வரை வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன். அந்த அம்மா அநேகமாக அரசுத் தரப்புச் சாட்சி. அழுதுகொண்டு பேசியதைக்கூடச் சாட்சியைக் கலைத்ததாக எழுத முடியும்.

அத்தை பயனுள்ளதாகச் செய்யக்கூடியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. மகனுக்குச் சின்ன வயதில் தலையில் அடிபட்டதோ, வலிப்போ, மனநல சிகிச்சையோ இருந்தால் அந்தச் சீட்டுகளைத் தேடி எடுத்து வக்கீலிடம் கொடுக்கட்டும். அன்று முன்னதாக ஏதாவது தகராறு நடந்தது, செத்தவர் முதலில் கை வைத்தார் என்பது போல உண்மையாகவே தெரிந்த விஷயம் இருந்தால் அதையும் வக்கீலிடம் மட்டும் சொல்லட்டும். திடீர்ச் சண்டையில் நடந்தது என்று கோர்ட் ஏற்றுக்கொண்டால், கொலைக்கான 302-ம் பிரிவு, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கான 304-ஆகக் குறைய வழி உண்டு. அங்கே தண்டனை எத்தனை ஆண்டு என்பது நீதிபதியின் கையில், வயதான தாய் தனியாக இருக்கிறார் என்பது காதில் விழும். 302-லேயே தண்டனை என்றால் குறைந்தபட்சமே ஆயுள்; தாயின் கண்ணீர் அதற்குக் கீழே இறக்காது. உங்கள் வழக்கு 304-க்குள் வருமா என்பது கட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாத விஷயம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: "அவன் ஊட்டுலதான் இருந்தான்" என்று அத்தை சொல்லிவிட்டால், "சண்டையில் கை மீறிவிட்டது" என்ற வாதத்தை வக்கீல் எந்த முகத்தோடு எடுப்பார்? வீட்டில் படுத்திருந்தவன் சண்டை போட்டிருக்க முடியாதே. மகனுக்கு உண்மையாகவே இருக்கக்கூடிய ஒரு வழியை அந்தப் பொய் அடைத்துவிடும்.

அதனால் அத்தையிடம் "உங்க சாட்சி செல்லாது" என்று சொல்லாதீர்கள். யாராவது செல்லும் என்று சொல்லிவிட்டால், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் கேட்க மாட்டார். "மகனை விட்டுத்தள்ளுங்க" என்றும் சொல்லாதீர்கள். எருமையை விற்றவரிடம் அது எடுபடாது. "அத்தே, நீங்க கூண்டுல ஏறலீன்னா அவனுக்கு ஒண்ணும் கொறையாது, ஏறுனாத்தான் கொறையும். பூமி இருந்தாத்தான் ஜாமீனுக்கு நிக்க முடியும்" என்று சொல்லிப் பாருங்கள். அவனுடைய வக்கீலையும் இதையே சொல்ல வையுங்கள். அவர் மறுத்து, அம்மா சாட்சி கட்டாயம் வேண்டும் என்றால், கட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே நாளில் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார், நாலைந்து தடவை சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த முறை அவர் மனு போட்டுப் பார்க்கப் போகும்போது நீங்களே வண்டியில் கூட்டிக்கொண்டு போய், வழியில் சொல்லுங்கள். வீட்டில் வைத்துப் பேசினால் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்.